அமுக்கரா மாத்திரை வாங்கும் முன் ஒரு சிறு கணக்கு

மன அழுத்தம் தணிய அமுக்கரா எனப்படும் அசுவகந்தா வேர்ச்சார மாத்திரையை வாங்குபவர்கள், அட்டையில் உள்ள மில்லிகிராம் எடையை விதனோலைடு எனும் செயற்பொருளின் விழுக்காட்டால் பெருக்கி, அதில் வரும் அளவை வைத்தே விலைகளை ஒப்பிட வேண்டும். 300 மில்லிகிராமில் 5 விழுக்காடு என்றால் 15 மில்லிகிராம். 500 மில்லிகிராமில் 2.5 விழுக்காடு என்றால் 12.5 மில்லிகிராம்தான்.

வேரின் முக்கியச் செயற்பொருள்களாகக் கருதப்படுபவை விதனோலைடுகள் என்பதாலும், பதற்றமும் கார்டிசால் எனும் மன அழுத்தச் சுரப்பும் குறைந்ததாகக் காட்டிய ஆய்வுகள் பலவற்றில் செறிவூட்டிய வேர்ச்சாரமே ஏறத்தாழ 8 வாரங்கள் கொடுக்கப்பட்டது என்பதாலும், மாத்திரையின் மொத்த எடை அதன் வீரியத்தைச் சொல்லாது. விழுக்காடு அச்சிடாத அட்டையை நான் வாங்குவதேயில்லை.

நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அமுக்கராச் சூரணத்துக்கு இக்கணக்கு பொருந்தாது. இலையும் கலந்த சாரத்தை வேர்ச்சாரத்தோடு ஒப்பிடுவதும் தவறு. கருவுற்றவர்களும் பாலூட்டும் தாய்மார்களும் அமுக்கராவைத் தவிர்க்க வேண்டும். தைராய்டு அல்லது கல்லீரல் கோளாறு உள்ளவர்களும், தூக்க மாத்திரையோ சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளோ எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது.