பிளாட்பாரத்தில் படுப்பவர்களை எண்ணப் போகிறீர்களா?

முதலில் ஒன்று: "உங்களுக்கு வீடு இருக்கா?" என்று கேட்காதீர்கள். இருக்கு என்பார்கள், அது உண்மையாகவும் இருக்கும். ஊரில் ஒரு ஓட்டு வீடு, அதில் அண்ணன் குடும்பம். இவரோ எட்டு வருஷமாக சென்னையில் யானைகவுனி பக்கம் மீன்பாடி வண்டி மேல் தூங்குகிறார். "நேத்து ராத்திரி எங்க படுத்தீங்க? அதுக்கு முந்தின ராத்திரி?" என்று கேளுங்கள், சரியான பதில் வரும். அப்புறம், "வீடற்றவர்" என்ற சொல் உங்கள் படிவத்தோடு இருக்கட்டும். அவர்கள் தங்களை பிளாட்பாரத்துக்காரங்க என்றுதான் சொல்லிக்கொள்வார்கள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இவர்களை எண்ணுவதற்கு ஒதுக்குவது ஒரே ஒரு ராத்திரி. 2011ல் அது பிப்ரவரி 28. நாடு முழுக்க சுமார் 17.7 லட்சம் பேர் என்று வந்தது. நிஜத்தில் இதைவிட அதிகம் இருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் ஒரு ராத்திரியில் கண்ணில் படாதவர்கள் எத்தனை பேர் என்பது தெருவில் நடந்து பார்த்தால்தான் புரியும். நகர மக்கள்தொகையில் ஒரு லட்சம் பேருக்கு ஒன்று என்று இவர்கள் தங்கக் காப்பகம் வேண்டும், அதுவும் 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010லேயே சொல்லியாகிவிட்டது. ஆனால் எந்தத் தெருவுக்குப் பக்கத்தில், யாருக்கான காப்பகம் என்பதை முடிவு செய்ய எண்ணிக்கை வேண்டும். அது குறைந்தால் இடமும் குறையும்.

அதனால் எண்ணப் போகும் முன் இரண்டு முறையாவது பகலில் போங்கள். டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்ட், அம்மா உணவகம் என்று பேசிப் பாருங்கள். அதே தெருவில் படுக்கிற ஒருவரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு, அவர் நேரத்துக்கு உரிய கூலியைக் கொடுத்துவிடுங்கள். எந்தத் தெருவுக்கு எந்த நேரம் என்பது அவருக்குத்தான் தெரியும். கல்யாண மண்டபத்தில் பரிமாறுகிறவர்கள் ஒரு மணிக்கு மேல்தான் திரும்புவார்கள், கோயம்பேடு சந்தையில் மூட்டை தூக்குகிறவர்கள் அந்நேரம் எழுந்து வேலைக்குக் கிளம்பியிருப்பார்கள்.

பெண்களைத்தான் அதிகம் தவறவிடுகிறோம். தனியாக இருக்கும் பெண் இருட்டில் படுக்க மாட்டார். ஏடிஎம் வெளிச்சம், கோயில் மதில், போலீஸ் ஸ்டேஷன் வாசல் என்று தேடிப் போவார், இல்லையென்றால் ராத்திரி தூங்கவே மாட்டார், பையை மடியில் வைத்துக்கொண்டு ரயிலுக்குக் காத்திருப்பவர் போல சென்ட்ரலில் உட்கார்ந்திருப்பார். குழுவில் ஒரு பெண்ணாவது இல்லாமல் போகாதீர்கள். சென்ட்ரலுக்கு எதிரில் அரசுப் பொது மருத்துவமனை வாசலில் படுத்திருப்பவர்களில் பலர் நோயாளிகளோடு வந்தவர்கள், அவர்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

தூங்குகிறவரை எழுப்பக் கூடாது. டார்ச்சைத் தரையில் அடியுங்கள், போட்டோ வேண்டாம். வால்டாக்ஸ் ரோட்டில் ஒரு ராத்திரி மூடிய கடை ஷட்டருக்கு முன் ஒரு அம்மா படுத்திருந்தார், தலைக்கடியில் செருப்பு, குழந்தையின் கணுக்காலில் இருந்து அவர் மணிக்கட்டுக்கு ஒரு துணிக்கயிறு. நாங்கள் நின்றதும் கண்ணைத் திறக்காமலே அந்தக் கயிறை ஒரு இழு இழுத்துப் பார்த்துக்கொண்டார். இரண்டு பேர் என்று எழுதிவிட்டு நகர்ந்தோம். பெயரும் வயதும் மறுநாள் பகலில் போய்க் கேட்டோம்.

பகலில் பேசும்போது கட்டாயம் ஒரு கேள்வி வரும்: "கணக்கு எடுத்துட்டு எங்கள பெரும்பாக்கத்துக்கு அனுப்பிடுவீங்களா?" தெருவில் இருப்பவர்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்தும் அடுக்குமாடிகள் ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில்தான் இருக்கின்றன, அந்தப் பயம். மழுப்பாதீர்கள். இந்த விவரம் யார் கைக்குப் போகும், எதற்கு என்று உள்ளதைச் சொல்லுங்கள். வீடு வாங்கித் தருவதாகச் சொல்லவே சொல்லாதீர்கள். ஆதார் எண் கேட்காதீர்கள்.

எண்ணும் ராத்திரியில் சாப்பாட்டுப் பொட்டலமோ போர்வையோ கொடுக்க வேண்டாம் என்பேன். கல்நெஞ்சம் என்று திட்டியவர்கள் உண்டு. ஆனால் பொட்டலம் இறங்கிய இடத்துக்கு நாலு தெரு ஆட்கள் ஓடி வருவார்கள், ஒருவரையே மூன்று முறை எண்ணுவோம், நகர முடியாத முதியவர் பட்டினியாகவே கிடப்பார். உதவி தனி நாளில், அவரவர் இருக்கும் இடத்துக்கே போகட்டும்.

காப்பகத்துக்கு வர மறுத்தால் காரணம் கேளுங்கள். பெரும்பாலும் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி என்றுதான் இருக்கிறது, புருஷன் பெண்டாட்டி பிள்ளையோடு எங்கே போவது? தனி ஆள் சம்மதித்தால் மாநகராட்சியின் 1913 என்ற போன் எண்ணில் கேளுங்கள், குழந்தை தனியாக இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098. மனநலம் குன்றித் திரிகிறவரை நீங்களே வண்டியில் ஏற்றாதீர்கள். 2017 மனநலச் சட்டம் அந்தப் பொறுப்பைக் காவல் நிலையத்துக்குத் தந்திருக்கிறது: 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது. இதை ஒரு தாளில் அச்சடித்துக் கையில் வைத்திருங்கள், ஸ்டேஷனில் பேச உதவும்.

எனக்குப் பிடித்த வேலை இவர்கள் பெயரை வாக்காளர் பட்டியலில் சேர்ப்பதுதான். வீடில்லாதவர் அதற்கான படிவம் 6 கொடுத்தால் முகவரிச் சான்று கேட்கக் கூடாது, வாக்குச்சாவடி நிலை அலுவலர் ராத்திரியில் நேரில் வந்து, அவர் அங்கேதான் படுக்கிறாரா என்று பார்ப்பார். ஒரு முறை பார்த்தால் போதாது, மறுபடியும் வருவார். அந்த ராத்திரி மழை பெய்தால் எந்தக் கடை ஓரத்தில் ஒதுங்குவார் என்பதையும் அலுவலரிடம் முன்பே சொல்லி வையுங்கள்.