பாம்பன் முதல் அரிச்சல்முனை வரை ஒரே லென்ஸ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமநாதபுரம் கடற்கரைக்குக் கேமராவோடு கிளம்புகிறவர்கள் இரண்டு மூன்று லென்ஸ்களைப் பையில் திணித்துக்கொண்டு போவதே முதல் தவறு. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். தனுஷ்கோடியில் அந்தக் காற்றோடு மணலும் உப்பும் சேர்ந்து பறக்கும். அங்கே நின்று லென்ஸை மாற்றினால், படத்தைப் பதிவுசெய்யும் சென்சார் திறந்திருக்கும் சில நொடிகளில் தூசி உள்ளே போய்விடும். அதன் பிறகு எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் வானத்தில் கறுப்புப் புள்ளிகள் நிற்கும். எனவே காலையில் அறையில் மாட்டிய லென்ஸை மாலையில் அறைக்குத் திரும்பும்வரை கழற்றாதீர்கள். அப்படிப்பட்ட ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

பெரிய ஜூம் எண்ணைப் பார்த்து மயங்குவது அடுத்தது. 18–300 மி.மீ. லென்ஸ் ஏறக்குறைய 17 மடங்கு இழுக்கும், உண்மைதான். ஆனால் இழுக்க இழுக்க ஒளி நுழையும் துளை சுருங்கி, பல லென்ஸ்களில் எஃப் 6.3-க்கு வந்துவிடும் (எஃப் எண் கூடினால் துளை சிறிது என்று பொருள்). இதன் விலை விடியற்காலையில் தெரியும். கரைவலை இழுக்கிறவர்கள் வடத்தைப் பற்றிப் பின்னால் சாய்ந்து, குதிகால் மணலில் புதைய, அடி அடியாக நகர்கிறார்கள். அந்த அசைவு படத்தில் தெளிவாக நிற்க ஷட்டர் வேகம் குறைந்தது 1/250 நொடியாவது வேண்டும். எஃப் 4-இல் வரும் ஒளியோடு ஒப்பிட்டால் எஃப் 6.3-இல் வருவது பாதிக்கும் குறைவு. ஒளிக்கான உணர்திறனைக் காட்டும் ஐஎஸ்ஓ எண் 1600 போதுமாக இருந்த இடத்தில் 4000 வரை ஏற்ற வேண்டியிருக்கும். முகங்களில் புள்ளி புள்ளியாக இரைச்சல் தெரியும். லென்ஸில் நடுக்கத் தடுப்பு இருக்கிறதே என்பார்கள். அது உங்கள் கையின் நடுக்கத்தைத்தான் ஈடுசெய்யும், வலை இழுப்பவரின் அசைவை நிறுத்தாது.

என் கணக்கில், ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமராவுக்கு 24–105 எஃப் 4, சிறிய சென்சார் கேமராவுக்கு 18–135 அல்லது 16-இல் தொடங்கும் ஒரு ஜூம் போதும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். தரமானது என்று கேள்விப்பட்டு 24–105-ஐ வாங்கிச் சிறிய சென்சார் கேமராவில் மாட்டினால், சென்சார் காட்சியின் நடுப்பகுதியை மட்டும் பிடிப்பதால், 1.5 மடங்குக் கணக்கில் அது 36–157 ஆகிவிடும். மூலைக்கு மூலை 84 பாகை பார்க்க வேண்டிய லென்ஸ் 62 பாகைதான் பார்க்கும். பாம்பன் சாலைப் பாலத்தில் நின்றால் இந்த இழப்பு உறைக்கும். கீழே பல வண்ணப் படகுகள், பக்கத்தில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலம், நடுவே 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதியின் இரு கோபுரங்கள். எல்லாவற்றையும் ஒரே சட்டகத்தில் அடக்கலாம் என்று பின்னால் நகர்ந்தால் முதுகை உரசிக்கொண்டு பஸ்ஸும் லாரியும் போகும். தூரத்தில் சிறிதாகத் தெரிவதைப் பிறகு படத்திலிருந்து ஓரளவு வெட்டி எடுத்துச் சமாளிக்கலாம். சட்டகத்துக்குள் வராத அகலத்தை வீட்டில் உட்கார்ந்து சேர்க்க முடியாது.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. ராமநாதசுவாமி கோயில் பிரகாரத்தின் தூண் வரிசையை மனத்தில் வைத்து 10 மி.மீ. அகலக் கோண லென்ஸ் வாங்குகிறார்கள். கோயிலுக்குள் படம் எடுக்க அனுமதியில்லை.

பூநாரைகளையும் நான் சொன்ன அந்த ஒரே லென்ஸில் பெரிதாகப் பிடித்துவிட ஆசைப்படாதீர்கள். அவை ஆழமில்லாத நீரில் வெகு தொலைவில் மேய்கின்றன. கிட்டே போனால் கூட்டமாக எழுந்துவிடும். இரைதேடும் நேரத்தில் அவற்றைக் கலைப்பது எந்தப் படத்துக்காகவும் தகாது. நீரும் வானமும் பெரிதாகவும் பறவைகள் சிறு இளஞ்சிவப்புக் கோடாகவும் தெரியும்படி எடுங்கள், அதுவே நல்ல படம்.

ஈரமும் தூசியும் புகாத காப்பு இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்குவது இந்தக் கரைக்குச் சரிப்படாது. மாட்டும் இடத்தில் மெல்லிய ரப்பர் வளையம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். கடையிலேயே லென்ஸைக் கேமராவில் மாட்டிக் கழுத்தில் தொங்கவிட்டு நாலு அடி நடங்கள். குழல் தானாக நீண்டு இறங்கினால் வேறு பாருங்கள். நீண்ட குழலில் ஒட்டும் மணல் உள்ளே இழுக்கப்படும். முன்கண்ணாடியைக் காக்க, அதன்மேல் மாட்டும் தெளிவான கண்ணாடியான யூவி ஃபில்டர் ஒன்று கட்டாயம். உப்புத் திவலை படிந்ததும் சட்டைத் துணியால் துடைக்கிறவர்களைப் பார்த்தால் பதறுகிறது. முதலில் ஊதுகுமிழால் மணலை ஊதுங்கள்; பிறகு நல்ல நீரில் நனைத்துப் பிழிந்த மென்துணியால் ஒற்றி எடுங்கள்.

பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் இரு மூடிகளையும் கழற்றி, பின்பக்கத்திலிருந்து செல்போன் விளக்கை அடித்துப் பாருங்கள். கண்ணாடிக்குள் சிலந்தி இழைபோலக் கிளை விட்டிருந்தால் அது பூஞ்சை. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.