பால் கட்டிய மார்பும் காய்ச்சலும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிள்ளை பெற்று மூன்றாம் வாரத்தில் ஒரு தாய் "மார்பு கல்லுப்போல கிடக்குது, உடம்பெல்லாம் நடுங்குது" என்று சொன்னால், கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடி வீடொன்றில் பெரும்பாலும் மூன்று காரியங்கள் ஒரே நேரத்தில் தொடங்கும். அம்மா வெந்நீர் வைப்பார். மாமி எண்ணெய் காய்ச்சுவார். கணவர் காலி வீதிக்கு இறங்கிப் பால்மாவும், மருந்தகத்தில் ஏதோ ஒரு குளிசையும் வாங்கி வருவார். மூவரும் அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் இப்படி மார்பு வீங்கி நோகும் மார்பக அழற்சி வந்த தாய்மாரிடம் நான் கேட்டறிந்த தவறுகளும், என் மூத்த பிள்ளையின் ஐந்தாம் வாரத்தில் நானே செய்த தவறுகளும் ஏறத்தாழ இந்த மூன்று காரியங்களுக்குள் அடங்கிவிடுகின்றன.

இவற்றுக்கெல்லாம் அடியில் இருப்பது ஒரே கற்பனை: மார்பு என்பது அடைபட்ட குழாய், உள்ளே கெட்டித்துப்போன பால் கிடக்கிறது, அதை உருக்கியோ பிதுக்கியோ வெளியே எடுத்துவிட்டால் சுகம் வந்துவிடும் என்பது. உண்மையில் பால் நாளங்கள் மிக நுண்ணியவை. ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. அழற்சியில் நடப்பது, அந்த நாளங்களைச் சுற்றியுள்ள சதை நீர் கோத்து வீங்கி, நாளங்களை வெளியிலிருந்து நெரிப்பது. கையில் தட்டுப்படும் கட்டி பெரும்பாலும் வீக்கந்தான். உறைந்த பால் அல்ல. இந்த வீக்கம் தணியாமல் நீடித்தால், அல்லது வெடித்த காம்பு வழியாகக் கிருமி நுழைந்தால், அது தொற்றாக மாறுகிறது. அதிகம் காணப்படும் கிருமி, நம் தோலிலும் மூக்கிலும் சாதாரணமாகவே குடியிருக்கும் ஸ்டெஃபிலோகொக்கஸ் ஓரியஸ். தாய்ப்பாலூட்டல் மருத்துவத்துக்கான சர்வதேச வைத்தியர் அமைப்பு 2022 ஆம் ஆண்டில் தன் வழிகாட்டலைத் திருத்தியபோது, "சூடு கொடு, அழுத்தித் தேய், முழுவதும் வெறுமையாக்கு" என்ற பழைய அறிவுரைகளைக் கைவிட்டதற்கு இந்தப் புரிதலே காரணம். அந்தப் பழைய அறிவுரையைச் சொன்னவர்கள் நம் பாட்டிமார் மட்டுமல்லர்; சில ஆண்டுகளுக்கு முன்புவரை வைத்தியசாலைகளிலும் அதுவே சொல்லப்பட்டது.

முதலாவது, தேய்ப்பது. எண்ணெய் பூசி, கட்டியின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தி, காம்பை நோக்கிப் பிதுக்கும்போது ஏற்கெனவே வீங்கிய சதை நசுங்கி, மேலும் வீங்குகிறது. நுண்ணிய குருதிக் குழாய்கள் காயப்படுகின்றன. எனக்கு இது செய்யப்பட்ட மறுநாள் மார்பில் நீலம் பாய்ந்திருந்தது. காய்ச்சலும் ஒரு பாகை கூடியிருந்தது. தொடத்தான் வேண்டுமென்றால், பச்சைப்பிள்ளையின் தலையைத் தடவும் அளவு மெதுவாக, காம்பை நோக்கியல்ல, கமக்கட்டை நோக்கித் தடவலாம்; தேங்கிய நிணநீர் வடிவதற்கு அது உதவும். அதற்கு மேல் வேண்டாம். காம்பின் நுனியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் ஊசியால் குத்தித் திறப்பதும், மின்சாரப் பற்தூரிகையை மார்பில் வைத்து அதிரச் செய்வதும் இதே வகைத் தவறுகளே.

இரண்டாவது, மிதமிஞ்சிப் பால் எடுப்பது. பிள்ளை குடித்து முடித்த பிறகும் "மிச்சத்தையும் எடுத்துவிடுவோம்" என்று பம்பைப் பொருத்துவது மிகப் படித்த வீடுகளிலும் நடக்கிறது. மார்பு, எடுக்க எடுக்கச் சுரப்பது. எவ்வளவு வெளியேறுகிறதோ அவ்வளவையே நாளைய தேவை என்று அது கணக்கிட்டுக்கொள்ளும். ஆகவே கட்டைக் கரைக்கவென்று இரண்டு மணிக்கொருமுறை பம்ப் செய்யும் தாய், இன்னும் இரண்டு நாளில் இன்னும் பெரிய கட்டை வரவழைத்துக்கொள்கிறார். பிள்ளை கேட்கும்போது, வழமையான முறையிலேயே, இரு பக்கமும் மாறி மாறிக் கொடுப்பது போதுமானது. பிள்ளை அந்தப் பக்கத்தைப் பிடிக்க மறுத்தால் மட்டும், அது குடித்திருக்கக்கூடிய அளவைக் கையால் பிழிந்து எடுக்கலாம். இந்த நாட்களில் பால் பெருக்கும் பத்தியத்தையும் சற்றுத் தளர்த்துவது நல்லது. உள்ளியும் சுறா வறையும் உணவாக இருப்பதில் குற்றமில்லை, ஆனால் ஏற்கெனவே பால் மிகுந்து தவிப்பவருக்கு வெந்தயத்தை வேளை தவறாமல் கரைத்துக் கொடுப்பதில் பொருளில்லை.

சூடா குளிரா என்ற கேள்விதான் நம் வீடுகளில் பெரிய வழக்கு. பிள்ளை பெற்ற உடம்பில் குளிர் படக்கூடாது, பட்டால் சன்னி பிறக்கும் என்பது தலைமுறை தலைமுறையாக வந்த அச்சம். துடக்குக் கழியும்வரை பச்சைத்தண்ணீரில் கையைக்கூட வைக்க விடாத வீட்டில், குளிர்சாதனப் பெட்டியிலிருந்து ஐஸை எடுத்து மார்பில் வைக்கிறேன் என்று மருமகள் சொன்னால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆயினும் வீக்கத்தைத் தணிப்பது குளிர்தான். கால் சுளுக்கினால் ஐஸ் வைப்பதை ஏற்றுக்கொள்ளும் அதே வீட்டாருக்கு, இதுவும் ஒரு வீக்கமே என்று விளக்கினால் பலர் இணங்கிவிடுவதைக் கண்டிருக்கிறேன். ஐஸ் கட்டிகளை மெல்லிய துவாயில் சுற்றி, பத்து முதல் இருபது நிமிடம் வைத்து, இடைவெளி விட்டு மீண்டும் வைக்கலாம். வெறும் ஐஸைத் தோலில் நேரே வைக்கக்கூடாது. கொதிக்கக் கொதிக்க ஒத்தடம் கொடுப்பது குருதியோட்டத்தைக் கூட்டி வீக்கத்தை வளர்க்கும். தோல் வெந்தும் போகலாம். பால் கொடுப்பதற்குச் சற்று முன்னர் இளஞ்சூட்டுத் துணி இதமாக இருக்கிறது என்று உணரும் தாய் அதைச் சிறிது நேரம் வைத்துக்கொள்வதில் பெரிய தீங்கில்லை, ஆனால் அதை மருந்தாக எண்ணக்கூடாது.

இனி, எல்லாவற்றிலும் கேடான தவறு: பால் கொடுப்பதைத் திடீரென நிறுத்துவது. "நஞ்சுப்பால்", "சீழ்ப்பால்" என்று சொல்லிப் பிள்ளையைப் பிரித்து, போத்தலில் பால்மாவைக் கரைத்துக் கொடுப்பவர்கள் ஒரே நேரத்தில் இருவருக்கும் தீங்கு செய்கிறார்கள். மார்பக அழற்சி வந்த தாயின் பால், நிறைமாதத்தில் பிறந்த ஆரோக்கியமான பிள்ளைக்குத் தீங்கானதல்ல. பிள்ளையும் தாயும் ஏற்கெனவே ஒரே கிருமிகளோடுதான் வாழ்கிறார்கள், பாலிலே எதிர்ப்புச் சக்தியும் இருக்கிறது. மாறாக, சுரப்பு ஓடிக்கொண்டிருக்கும் மார்பைச் சடுதியாக மூடினால் பால் தேங்கி, வீக்கம் முற்றி, சீழ்க்கட்டியில் முடியும் வாய்ப்புக் கூடுகிறது. அழற்சி வந்த பக்கத்துப் பாலில் உப்பு கூடிவிடுவதால் பிள்ளை முகத்தைச் சுளித்துத் திரும்பலாம். அதைப் "பிள்ளைக்கே தெரிகிறது, பால் கெட்டுவிட்டது" என்று பொருள் கொள்ள வேண்டாம். குறைமாதப் பிள்ளையாகவோ நோயுற்ற பிள்ளையாகவோ இருந்தால் மட்டும் அதன் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மல்லிகைப் பூவைப் பற்றியும் இங்கே சொல்லவேண்டும். வலி குறையட்டும் என்று மல்லிகைச் சரத்தை மார்பில் வைத்துக் கட்டும் வழக்கம் நம்மிடையே உண்டு. அது பால் வற்றுவதற்கான பழைய முறை. பிள்ளையை இழந்த தாய்மாருக்கு நம்மவர்கள் கைக்கொண்டது. வேலூரில் நடந்து 1988 இல் வெளியான ஓர் ஆய்வும் மல்லிகைப் பூ சுரப்பைக் குறைப்பதாகக் கண்டது. ஆகவே தொடர்ந்து பாலூட்ட விரும்பும் தாய்க்கு அது பொருத்தமானதல்ல. இறுகக் கட்டும் துணிக்கும், கம்பி வைத்த உள்ளாடைக்கும் இதுவே பதில்.

அடுத்து மருந்து. மருந்தகத்தில் "மார்பு வீக்கம், காய்ச்சல்" என்று சொல்லி, வைத்தியரின் சீட்டு இல்லாமல் அமொக்சிசிலின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியை வாங்கி மூன்று நாள் விழுங்குவது கொழும்பில் மிகச் சாதாரணமாக நடக்கிறது. ஸ்டெஃபிலோகொக்கஸ் கிருமிகளில் பெரும்பாலானவை அந்த மருந்தைச் சிதைக்கும் நொதியைத் தாமே சுரப்பவை. எனவே தனி அமொக்சிசிலின் இங்கே பெரும்பாலும் வீண். வைத்தியர்கள் வழமையாகத் தெரிவு செய்வது ஃபுளுகுளொக்சசிலின், குளொக்சசிலின், செஃபலெக்சின் போன்றவற்றை, அதுவும் 10 முதல் 14 நாட்களுக்கு. பெனிசிலின் ஒவ்வாமை உள்ளவர் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டதும் மிச்சக் குளிசைகளை அலுமாரியில் வைத்துவிடுவது, அதே கட்டை அடுத்த மாதம் அழைத்து வரும். இந்த மருந்துகள் பாலூட்டலை நிறுத்தக் காரணமல்ல. பிள்ளைக்குச் சில நாள் மலம் சற்று இளகிப் போகலாம், அவ்வளவே.

மறுபக்கத் தவறும் உண்டு. எல்லா மார்பக அழற்சிக்கும் நுண்ணுயிர்க்கொல்லி தேவையில்லை. ஆரம்ப வீக்கம் குளிர், ஓய்வு, வழமையான பாலூட்டல் ஆகியவற்றாலேயே ஒரு நாளில் இறங்கிவிடலாம். ஆனால் 24 மணி நேரத்தில் இறங்காவிட்டால், அல்லது தொடக்கத்திலேயே கடும் நடுக்கமும் 38.5 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட காய்ச்சலும் இருந்தால், அல்லது காம்பில் வெடிப்பும் சீழும் தெரிந்தால், வைத்தியரிடம் போவதைத் தள்ளிப்போடக்கூடாது. காய்ச்சல் தொடங்கிய நேரத்தைக் கைப்பேசியில் குறித்து வைப்பது சிறிய காரியம். தூக்கமில்லாத வீட்டில் "நேற்றா முந்தாநாளா" என்ற வாக்குவாதத்தில் ஒரு நாள் போய்விடும். இன்னொன்று, "மார்பு சிவந்திருக்கிறதா" என்று பார்த்துக்கொண்டே இருப்பது. நம் நிறத்துத் தோலில் சிவப்புப் பல வேளை தெரியாது. அந்த இடம் மற்றைய பக்கத்தைவிடக் கறுத்தும் மினுங்கியும் இறுகியும் இருக்கிறதா, புறங்கையால் தொட்டால் சூடு வேறுபடுகிறதா என்றே பார்க்க வேண்டும்.

கொழும்பில் வாழ்பவர்கள் தனியாக நினைவில் வைக்கவேண்டிய ஒன்று டெங்கு. அழற்சிக்கு இபுபுரோஃபென் நல்ல மருந்துதான், பாலூட்டும் தாய்க்கும் ஏற்றதுதான். பிறநாட்டு அறிவுரைகள் அதைத் தயங்காமல் சொல்கின்றன. ஆனால் மழைக்காலத்தில், கொட்டாஞ்சேனையிலோ தெகிவளையிலோ, பிள்ளை பெற்றவளுக்குக் காய்ச்சல் வந்தால் அது மார்பினால் மட்டுமே வந்தது என்று வீட்டில் இருந்தபடி முடிவு கட்ட இயலாது. டெங்குவில் இபுபுரோஃபென், டைக்குளோஃபெனாக், அஸ்பிரின் ஆகியவை குருதிக்கசிவை உண்டாக்கக்கூடும். ஆகவே வைத்தியர் பார்க்கும்வரை பனடோல் (பரசிற்றமோல்) மட்டுமே: 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, ஆறு மணிக்கொருமுறை, நாளொன்றுக்கு எட்டுக்கு மேல் வேண்டாம், 50 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ளவர்கள் அளவைக் கேட்டுக் குறைத்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் நாளிலும் காய்ச்சல் விடாமல் இருந்தால் முழுக் குருதிப் பரிசோதனை அவசியம். கட்டி கையில் தெளிவாகத் தட்டுப்படுகிறது என்பதற்காக மற்றக் காரணங்களை மறப்பதும் ஆபத்து: அடிவயிற்று வலி, பிறப்புறுப்பிலிருந்து நாற்றமுள்ள கசிவு, சிசேரியன் காயத்தில் நீர் கசிதல், சிறுநீர் எரிவு ஆகியவை வேறு தொற்றைக் காட்டுபவை. மூச்சு வேகமாகி, பேச்சுக் குழம்பி, சிறுநீர் குறைந்து, மயக்கம் வருமானால் முச்சக்கர வண்டி தேடி நிற்காமல் 1990 ஐ அழையுங்கள். சுவசெரிய அம்பியுலன்ஸ் சேவை இலவசமானது.

எங்கே போவது என்று தெரியாமல் இழுபடுவதும் நாட்களைத் தின்னும். வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரே முதல் உதவி. பிள்ளை மார்பைப் பிடிக்கும் விதத்தைப் பார்த்துத் திருத்துவதில் அவருக்குள்ள பழக்கம், ஐந்து நிமிடம் பார்க்கும் தனியார் நிபுணர் பலருக்கு இல்லை என்பது என் அபிப்பிராயம். தொடர்மாடியின் காவலாளி அவரைக் கீழேயே திருப்பி அனுப்பிவிடாதபடி சொல்லி வையுங்கள். காசல் வீதி மகளிர் வைத்தியசாலையிலும் டி சொய்சா மகளிர் வைத்தியசாலையிலும் தாய்ப்பாலூட்டல் முகாமைத்துவ நிலையங்கள் இயங்குகின்றன.

மருந்து தொடங்கி 48 மணி நேரம் கடந்தும் குறையாவிட்டால், அல்லது காய்ச்சல் விட்டபிறகும் ஒரு கட்டி அதே இடத்தில் நோவோடு நின்றால், உள்ளே சீழ் கோத்திருக்கலாம். இதற்குப் பற்றுப் போட்டுப் பழுக்க வைத்து உடைப்பது என்பது காலில் வந்த கொப்புளத்துக்குச் சொன்ன வைத்தியம், மார்புக்கு வேண்டாம். ஸ்கான் செய்து பார்த்து, பெரும்பாலும் ஊசியாலேயே சீழை உறிஞ்சி எடுக்கிறார்கள், சில வேளை இரண்டு மூன்று முறை. அப்போதும் பால் கொடுப்பதைத் தொடரலாம். முறையாக வைத்தியம் செய்தும் தீராத வீக்கத்தை, அல்லது ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் கட்டியை, "பால் கட்டுத்தானே" என்று விட்டுவிடக்கூடாது. அரிதாக அதற்குள் புற்றுநோய் ஒளிந்திருப்பதுண்டு, அதனால் வைத்தியர் மேலும் சோதிக்கச் சொன்னால் மறுக்க வேண்டாம்.

தொழிலுக்குப் போகும் தாய்மாருக்கு இரண்டாம் சுற்று பெரும்பாலும் 84 வேலைநாள் விடுமுறை முடியும் வாரத்தில் வருகிறது. நேற்றுவரை மூன்று மணிக்கொருமுறை குடித்த பிள்ளையை விட்டுக் கோட்டையில் ஓர் அலுவலகத்தில் ஒன்பது மணி நேரம் இருந்தால் மார்பு என்ன செய்யும்? விடுமுறை முடிவதற்கு இரண்டு வாரம் முன்னதாகவே ஒரு வேளையை மெல்ல மெல்லத் தள்ளிப் பழக்கி, அலுவலகத்திலும் பிள்ளை குடிக்கும் நேரத்தையொட்டி, அது குடிக்கும் அளவுக்கு மட்டும் பாலை எடுத்து வைக்க ஓர் இடத்தை முன்கூட்டியே கேட்டு ஒழுங்கு செய்துகொள்ளுங்கள். கழிப்பறையைக் காட்டினால் ஏற்க வேண்டாம். கதவு பூட்டக்கூடிய ஒரு களஞ்சிய அறை போதும்.