ஒரு படம் வெளுப்பு, அடுத்த படம் கறுப்பு: கமராவில் வெளிச்சம் ஏன் மாறுகிறது?

தோட்டத்தில் கொழுந்து எடுப்பதை நாலைந்து படமாகத் தொடர்ந்து எடுக்கிறோம். நின்ற இடம் மாறவில்லை, ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வீட்டுக்கு வந்து பெரிய திரையில் போட்டால் ஒன்றில் முகம் கறுத்துக் கிடக்கிறது, அடுத்ததில் மூடுபனி வெறும் வெள்ளையாகிவிட்டது, மூன்றாவது மட்டும் பார்க்கும்படி இருக்கிறது. புதிதாகக் கமரா வாங்கிய தம்பி தங்கைகள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். கேட்கும்போதே, "கமரா பழுதாப் போச்சு போல, அண்ணே" என்று முடிவும் சொல்லிவிடுகிறார்கள்.

பெரும்பாலும் பழுது இல்லை. திருத்தக் கொடுத்துக் காசைச் செலவழிக்கும் முன் ஒரு விஷயத்தை உறுதிசெய்துகொள்ளுங்கள். இந்தக் குழப்பத்துக்குக் காரணம் மூன்று இடங்களில்தான் இருக்க முடியும். வெளிச்சமே மாறியிருக்கலாம். வெளிச்சம் அப்படியே இருக்க, கமரா தன் கணக்கை மாற்றியிருக்கலாம். கணக்கும் சரியாக இருந்து, ஒளிக்குத் திறந்து மூடும் ஷட்டரோ, லென்ஸுக்குள் ஒளி நுழையும் துவாரமான அபெர்ச்சரோ சொன்னபடி இயங்காமல் போயிருக்கலாம். மூன்றில் எது என்று தெரியாமல் செட்டிங்கைத் திருகிக்கொண்டே இருந்தால் குழப்பம்தான் கூடும்.

படி 1: படத்தோடு பதிவாகும் எண்களைப் படியுங்கள்

எடுத்த படத்தைக் கமராத் திரையில் திறந்து விவரங்களை வரவழையுங்கள். கெனனில் இன்ஃபோ பொத்தான், சோனியில் டிஸ்ப் பொத்தான், நிக்கொன் டிஎஸ்எல்ஆர்களில் பொதுவாக மேல், கீழ் அம்புகள். ஷட்டர் வேகம், அபெர்ச்சர் (எஃப் எண்; எண் கூடினால் துவாரம் சிறிதாகும்), ஐஎஸ்ஓ (ஒளிக்குக் கமரா காட்டும் உணர்திறன்) ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். நல்ல படத்துக்கும் கெட்ட படத்துக்கும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு. முதல் படம் 1/500, எஃப் 5.6, ஐஎஸ்ஓ 200. இரண்டாவது 1/1250, மற்ற இரண்டும் அதே எண்கள். வெளிச்சம் இருமடங்காவதையோ பாதியாவதையோ ஒரு ஸ்டொப் என்போம். 1/500இலிருந்து 1/1250க்குப் போனால் ஒன்றேகால் ஸ்டொப்புக்குச் சற்று மேலே இருட்டும். கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிற வித்தியாசம் அது. இப்போது இரண்டு படங்களையும் உற்றுப் பாருங்கள். முதலாவதில் கொழுந்து எடுக்கும் அக்காவின் பின்னால் தேயிலை மட்டும்தான். இரண்டாவதில் கமரா கொஞ்சம் மேலே தூக்கப்பட்டிருக்கிறது. சட்டகத்தின் மேல்பாதி முழுக்கப் பனி மூடிய வானம். அக்கா அசையவில்லை, அவர் முகத்தில் விழுந்த வெளிச்சமும் மாறவில்லை. கமரா பார்த்த காட்சிதான் மாறியது.

எண்கள் படத்துக்குப் படம் மாறினால் கமராவின் கணக்கு மாறியிருக்கிறது: படி 2. எண்கள் ஒன்றாகவே இருந்தும் படம் வேறுபட்டால் வெளிச்சம் அல்லது இயந்திரம்: படி 4, 5.

இன்னொன்றையும் கவனியுங்கள். சரியான படம், இருண்ட படம், வெளுத்த படம் என்று மும்மூன்றாக அதே வரிசையில் திரும்பத் திரும்ப வருகிறதா? ஒரே காட்சியை வெவ்வேறு வெளிச்ச அளவில் அடுத்தடுத்து எடுக்கும் பிராக்கெட்டிங் வசதி தெரியாமல் இயங்கிவிட்டது என்று அர்த்தம். மெனுவில் அதை நிறுத்தினால் கதை முடிந்தது.

படி 2: மீட்டருக்கு ஒரு பிடிமானம் கொடுங்கள்

கமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்குப் பனி எது, முகம் எது என்று முழுமையாகத் தெரியாது. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரவே அது பார்க்கும். ஏறத்தாழ 18 சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல் நிறம்தான் வழக்கமான அளவுகோல். வெள்ளைப் பனியைக் காட்டினால் அதையும் சாம்பலாக்கும், கூடவே முகத்தையும் இருட்டில் தள்ளும். ஈரம் ஊறிய கரும்பாறையையோ சவுக்குமரத்து நிழலையோ காட்டினால் தேவைக்கு மேல் வெளிறச் செய்யும். நகரத்தில் எடுப்பவர்களைவிட நமக்கு இந்தத் தொல்லை அதிகம். ஒரே சட்டகத்தில் பனியும் பாறையும் தேயிலையும் சேர்ந்து வருவது மலையில்தானே.

அதற்கான மருந்தும் மலையிலேயே இருக்கிறது. முற்றிய தேயிலை இலையின் பச்சை அந்த நடுத்தர அளவுக்குக் கிட்டத்தட்ட சமமாக வரும். சாம்பல் அட்டை கையில் இல்லாவிட்டாலும் தேயிலை மலை இருக்கிறது. எடுக்கப்போகும் ஆளின் மேல் விழும் அதே வெளிச்சத்தில் நிற்கும் தேயிலையைத் தேர்ந்தெடுங்கள். சட்டகம் முழுக்க அதை நிரப்பி ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்துங்கள். பிறகு வெளிச்சத்தைப் பூட்டும் பொத்தானைப் பிடித்துக்கொள்ளுங்கள். கெனனில் நட்சத்திரக் குறி போட்டிருக்கும், நிக்கொனில் ஏஇ-எல் என்றிருக்கும். பிடித்தபடியே கமராவைத் திருப்பி, வேண்டிய சட்டகத்தில் எடுங்கள். மழை விட்ட கையோடு இலை பளபளக்கும்போதும், இளங்கொழுந்து வெயிலில் மின்னும்போதும் அளவு கொஞ்சம் பிசகும். அப்போது இலை மினுங்காத பக்கமாகத் திரும்பி அளந்துகொள்ளுங்கள்.

தேயிலை இல்லாமல் பனி மட்டுமே சூழ்ந்திருந்தால் பிளஸ் மைனஸ் பொத்தானில் முக்கால் ஸ்டொப்பிலிருந்து ஒன்றேகால் ஸ்டொப் வரை கூட்டுங்கள். உலகமுடிவிலோ லிப்டன் சீட்டிலோ காலையில் நிற்கும்போது இதை விரல் தானாகவே செய்ய வேண்டும். வேலை முடிந்ததும் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். பல கமராக்களில் கமராவை அணைத்தாலும் இந்த அளவு அழியாது. நேற்றுப் பனிக்காகக் கூட்டி வைத்தது, இன்று கோயில் படங்களை வெளுக்க வைக்கும்.

மீட்டர் முறையையும் ஒருமுறை பாருங்கள். குறியீட்டில் நடுவில் ஒரு புள்ளி மட்டும் இருந்தால் அது ஸ்பொட் முறை. சட்டகத்தின் சின்னஞ்சிறு வட்டத்தை மட்டுமே அளக்கும். அந்த வட்டம் மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் விழுந்தால் ஒரு கணக்கு, தலைமுடியில் விழுந்தால் முற்றிலும் வேறு கணக்கு. ஆரம்பத்தில் முழுச் சட்டகத்தையும் அளக்கும் முறையே போதும்.

படி 3: மனுவலில் வைத்தும் மாறுகிறதா?

இது பலரைத் திகைக்க வைக்கும். டயல், அளவுகளை நாமே வைக்கும் மனுவலுக்கான எம் என்ற எழுத்தில் நிற்கும், ஷட்டரும் அபெர்ச்சரும் அசையாது, ஆனாலும் படம் மாறிக்கொண்டிருக்கும். ஐஎஸ்ஓ ஓட்டோவில் கிடக்கிறதா என்று பாருங்கள். ஓட்டோவில் இருந்தால் மீட்டர் அதன் வழியாகத் தன் வேலையைத் தொடர்கிறது. அப்படியிருக்க அது முழு மனுவலே இல்லை. ஐஎஸ்ஓவை ஓர் எண்ணில் நிறுத்துங்கள்.

அடுத்த காரணம் கமராவோடு வரும் 18–55 லென்ஸ். விரிந்த பக்கத்தில் எஃப் 3.5 வரை திறக்கும் அந்த லென்ஸ், 55க்கு இழுத்தால் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. ஒன்றேகால் ஸ்டொப்புக்குச் சற்று மேலே வெளிச்சம் குறைந்துவிடும். எஃப் 5.6இலேயே வைத்துக்கொண்டால் எங்கே இழுத்தாலும் அளவு ஒன்றுதான்.

தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தில் ரயிலுக்குக் காத்திருப்பவர்களுக்கு முழு மனுவல்தான் என் சிபாரிசு. பாலத்தில் ரயில் நுழைந்ததும் சட்டகத்தின் கலவை மாறும், ஓட்டோவில் இருந்தால் ஒவ்வொரு படமும் ஒவ்வொரு விதமாக வரும். 1921இல் கட்டி முடித்த அந்தப் பாலம் இரும்புச் சட்டம் இல்லாமல் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டு எழுந்தது. காலத்தால் மங்கிய அதன் உடலும் அளந்துகொள்ளத் தோதான நடுநிறம். ரயில் வரும் முன்பே பாலத்தின் மேல் அளந்து, எண்களை நிறுத்திவிட்டுக் காத்திருங்கள்.

படி 4: வெளிச்சமே மாறுகிறதா?

நானுஓயாவிலிருந்து பட்டிப்பொலை வரை போய்ப் பாருங்கள்: மேகம் ஒரு மேட்டை மூடித் திறப்பதற்குள் வெளிச்சம் பாதியாகி மறுபடி இருமடங்காகும். இப்படிப்பட்ட நேரத்தில் மனுவல் காலை வாரிவிடும். மனுவலில் எடுப்பவன்தான் தொழில் தெரிந்தவன் என்ற பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அபெர்ச்சரை நாம் முடிவுசெய்து ஷட்டரைக் கமராவிடம் விடும் முறையும், கூட்டிக் குறைக்கும் பொத்தானும் இருந்தால் போதும்.

மண்டபத்துக்குள் வேறு விதமான மாற்றம். இலங்கையில் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அதனால் டியூப்லைட்டும் மலிவான எல்ஈடி விளக்குகளும் விநாடிக்கு 100 தடவை மங்கி ஒளிரும். கண்ணுக்குப் புலப்படாது. 1/500இல் எடுத்தால் ஒரு படம் ஒளிரும் கணத்தில் விழும், அடுத்தது மங்கும் கணத்தில் விழும். நிறமும் சேர்ந்து மாறும். சோதிப்பது சுலபம்: அதே இடத்தில் 1/500இல் பத்துப் படம், 1/100இல் பத்துப் படம் எடுங்கள். இரண்டாவது பத்தும் ஒரே மாதிரி வந்தால் குற்றம் விளக்கில்தான். இனி அந்த மண்டபத்தில் 1/100 அல்லது 1/50. சத்தமில்லாத எலெக்ட்ரோனிக் ஷட்டரில் எடுத்தால் படத்தில் குறுக்குக் கோடுகள் விழும், அதை நிறுத்திவிடுங்கள்.

காமன் கூத்தில் தீப்பந்தம் அசையும்போது வெளிச்சம் உண்மையாகவே துடிக்கும். அங்கே எந்த செட்டிங்கும் அதை அடக்காது, அடக்கவும் வேண்டியதில்லை. மனுவலில் நிறுத்தி, தொடர்ச்சியாக எடுத்து, பந்தம் முகத்தில் படிந்த படத்தைப் பொறுக்கிக்கொள்ளுங்கள்.

ஃபிளாஷ் பாவித்தால், முதல் படம் சரியாக வந்து அடுத்தடுத்தவை இருண்டால் அது மீண்டும் நிரம்ப நேரம் கொடுக்கவில்லை. தயார் விளக்கு எரியும் வரை பொறுங்கள், பெட்டரியையும் பாருங்கள்.

படி 5: இயந்திரத்தைச் சோதியுங்கள்

மேலே சொன்ன எதிலும் அகப்படாவிட்டால்தான் இது. இரவில் ஓர் அறையை மூடி ஒரே விளக்கைப் போடுங்கள். கமராவை டிரைபொட்டில் வைத்து வெற்றுச் சுவரைப் பார்க்கச் செய்யுங்கள். முழு மனுவல், நிலையான ஐஎஸ்ஓ, நிலையான வைட் பலன்ஸ் (நிறச் சமநிலை), ஃபோகஸும் மனுவல். நிழலைத் தானாக வெளிச்சமாக்கும் வசதிகளை நிறுத்துங்கள். கெனனில் ஓட்டோ லைட்டிங் ஒப்டிமைசர், நிக்கொனில் அக்டிவ் டி-லைட்டிங். ஷட்டர் வேகம் 1/25 அல்லது அதைவிட மெதுவாக இருக்கட்டும், விளக்கின் துடிப்பு அதில் கரைந்துவிடும்.

லென்ஸ் முழுதாகத் திறந்த நிலையில் பத்துப் படம். பிறகு எஃப் 16இல், அதற்கேற்ப ஷட்டரை இன்னும் மெதுவாக்கி, பத்துப் படம். திரையின் பிரகாசத்தை நம்பாமல், படத்தின் இருளும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமை ஒப்பிடுங்கள்.

இரண்டு பத்தும் ஒரே மாதிரி என்றால் கமராவில் பெரிதாகக் குறை இல்லை, படி 2க்குத் திரும்புங்கள். திறந்த நிலை சரியாகவும் எஃப் 16 ஏறி இறங்கியும் வந்தால், அபெர்ச்சர் இதழ்கள் ஒட்டிக்கொள்கின்றன அல்லது மெதுவாக மூடுகின்றன. நிக்கொனின் பழைய வகை லென்ஸ்களில் கமரா ஒரு சிறு நெம்புகோலால் இதழ்களை அசைக்கும். அது வளைந்தாலும் இதே கதைதான். 1987இல் வந்த கெனன் ஈஎஃப் வகையில் நெம்புகோல் கிடையாது, மின்காந்த இயக்கம் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. இரண்டு பத்தும் மாறினால் வேறொருவரின் லென்ஸை மாட்டி மறுபடி செய்யுங்கள். அப்போதும் மாறினால் சந்தேகம் ஷட்டர் மேல். பகலில் 1/4000இல் வானத்தை எடுங்கள். ஒரு பக்கம் மட்டும் இருண்ட பட்டை விழுந்தால் ஷட்டர் திரைகள் ஒன்றுக்கொன்று சரியாக ஓடவில்லை.

நம் மழைக்காலத்து ஈரத்தில் லென்ஸுக்கும் கமராவுக்கும் இடையிலுள்ள உலோகத் தொடுபுள்ளிகள் மங்கிப்போகும். நூல் உதிராத உலர்ந்த துணியால் மெதுவாகத் துடையுங்கள். உப்புத்தாள் படவே கூடாது. கண்ணாடியையும் கமராவின் உள்பக்கத்தையும் தொடாதீர்கள். காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைப்பது லென்ஸில் பூஞ்சணம் பிடிப்பதையும் தடுக்கும்.

திருத்துபவரிடம் கொண்டுபோவதானால் அந்த இருபது படங்களையும் எதுவும் செய்யாமல் மெமரி கார்டிலேயே விட்டு, லென்ஸையும் சேர்த்துக் கொடுங்கள். "சிலநேரம் இருட்டாக வருது" என்று மட்டும் சொன்னால் அவரும் தேடத் தொடங்க வேண்டும். எஃப் 16இல் மட்டும் மாறுகிறது என்று காட்டினால் எங்கே திறந்து பார்ப்பது என்று அவருக்கு உடனே தெரியும்.