கம்யூனிட்டி காலேஜிலிருந்து ஸ்ட்ராட்டஜிக் கம்யூனிகேஷன் படிக்கப் போகிறவர்களுக்கு

நம்மூரில் பாலிடெக்னிக் முடித்தவர் லேட்டரல் என்ட்ரியில் பி.இ. சேர்ந்தால் நேராக இரண்டாம் ஆண்டு வகுப்பில் போய் உட்காருவார். டிப்ளமோவில் படித்த ஒவ்வொரு பேப்பரையும் எடுத்து இது செல்லும், இது செல்லாது என்று யாரும் எடை போடுவதில்லை. அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடம், பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் என்று கேள்விப்பட்டபோது நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். கணவரோடு எச்-4 விசாவில் மினசோட்டா வந்து, பாதியில் விட்ட படிப்பை முடித்தே தீருவது என்று சேர்ந்தவள் நான். எச்-4இல் வேலைக்குத்தான் பொதுவாகத் தடை, படிக்கத் தடையில்லை. அந்தத் தவறான நினைப்பில் எனக்கு ஒரு முழு செமஸ்டர் போயிற்று. உங்களுக்கும் போகக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஊரில் "என்ன படிக்கிறாய்?" என்று கேட்டவர்களுக்கு ஸ்ட்ராட்டஜிக் கம்யூனிகேஷன் என்று நான் சொன்னதும் "ஓ, விஸ்காமா?" என்பார்கள். இல்லை. இதில் கேமராவும் எடிட்டிங்கும் குறைவு. விளம்பரம், மக்கள் தொடர்பு, வாடிக்கையாளர் ஆய்வு, எழுத்து, கடைசியில் ஒரு நிஜ நிறுவனத்துக்காக ஒரு முழு பிரச்சாரத்தைத் திட்டமிடுவது, இவ்வளவும் சேர்ந்ததுதான் இந்தப் படிப்பு. மிசூரி பல்கலைக்கழகத்தில் இது இதழியல் பள்ளிக்குள் இருக்கிறது, ஓஹையோ ஸ்டேட்டில் கம்யூனிகேஷன் பள்ளிக்குள். எந்தத் துறைக்குள் இருக்கிறதோ அந்தத் துறையின் விதிகள்தான் பொருந்தும். அதனால் ஓரிடத்தில் படித்த தோழி சொன்னதை வைத்து வேறோர் இடத்துக்குத் திட்டம் போடாதீர்கள்.

அலுவல் வேலைகளைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். டிரான்ஸ்கிரிப்டை, அதாவது மதிப்பெண் பட்டியலை, காலேஜ்தான் நேராகப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டும், நீங்கள் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் செல்லாது. ஊரில் கல்லூரியில் படித்த வருடங்கள் இருந்தால் அந்த மதிப்பெண்களைப் பாடவாரியாக மதிப்பிட்டு வாங்கி வையுங்கள். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்கள் செமஸ்டருக்கு 12 கிரெடிட் (ஒவ்வொரு பாடத்துக்கும் தரும் அலகு) எடுத்தாக வேண்டும், அந்தக் கணக்கில் ஆன்லைன் வகுப்பு ஒன்றுதான் சேரும். பழைய காலேஜ், அரசின் மாணவர் விசாப் பதிவேடான செவிஸில் உங்கள் பதிவை விடுவித்த பிறகே, புது ஐ-20, அதாவது விசாவுக்கான சேர்க்கைப் படிவம், கிடைக்கும். பொதுவாக C-க்குக் கீழே வாங்கிய பாடத்தைப் பல்கலைக்கழகம் ஏற்காது. மதிப்பெண் நன்றாக இருந்தால் ஃபை தீட்டா கப்பாவில் சேருங்கள். இரண்டாண்டுக் கல்லூரி மாணவர்களுக்கான அமைப்பு அது. அதன் உறுப்பினர்களுக்கென்றே உதவித்தொகை தரும் பல்கலைக்கழகங்கள் நிறைய உண்டு.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்கு வந்த கடிதத்தில் 62 கிரெடிட்டையும் ஏற்றுக்கொண்டதாக எழுதியிருந்தது. பட்டத்துக்கு 120 வேண்டும், பாதிக்கு மேல் முடிந்துவிட்டது என்று அன்று இரவே அம்மாவுக்கு போன் செய்து சொன்னேன். மூன்று வாரம் கழித்து டிகிரி ஆடிட்டைத் திறந்து பார்த்தேன். எந்த நிபந்தனை முடிந்தது, எது பாக்கி என்று காட்டும் பக்கம் அது. பொதுப் பாடங்கள் எல்லாவற்றுக்கும் பச்சை டிக். மேஜர், அதாவது முதன்மைப் பாடம், என்ற பகுதியில் ஒரு டிக்கூட இல்லை. நான் ஆசை ஆசையாகப் படித்த மக்கள் தொடர்பு அறிமுகம், விளம்பர அறிமுகம், ஊடக எழுத்து மூன்றும் பக்கத்தின் அடியில், எலெக்டிவ், அதாவது விருப்பப் பாடம், என்ற தலைப்பின் கீழ் கிடந்தன. ஒவ்வொன்றின் எண்ணும் 1-இல் தொடங்கி, அதற்குப் பின்னால் மூன்று எக்ஸ். அந்த மூன்று எக்ஸுக்கு என்ன பொருள் என்று, பாடத் தேர்வுக்கு வழிகாட்டும் அட்வைசரிடம் கேட்ட பிறகுதான் தெரிந்தது: கிரெடிட்டை எடுத்துக்கொண்டோம், ஆனால் எங்கள் பாடம் எதற்கும் இது ஈடில்லை.

காரணம் இதுதான். மக்கள் தொடர்பும் விளம்பரமும் எங்கள் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு நிலைப் பாடங்கள், எண் 3000-இல் தொடங்கும். கம்யூனிட்டி காலேஜில் நடத்துவதெல்லாம் முதல் இரண்டு ஆண்டு நிலைதான். புத்தகம் ஒன்றாகவே இருந்தாலும் நிலை வேறு என்பதால் ஈடு கிடைக்காது. அதைவிட மோசமானது வரிசை. அறிமுகப் பாடம் முடித்தால்தான் எழுத்துப் பாடம், எழுத்து முடித்தால்தான் பிரச்சாரப் பாடம். ஒரே செமஸ்டரில் இரண்டைச் சேர்த்து எடுக்க முடியாது. அந்த வரிசையின் முதல் பாடத்தில் நான் மறுபடி உட்கார வேண்டியிருந்தது. கையில் 62 கிரெடிட் இருந்தும் பட்டம் அரை வருடம் தள்ளிப்போனது இதனால்தான்.

எனக்கு இன்னும் ஆறாத கோபம் ஒன்று உண்டு. அந்த மூன்று பாடங்களையும் எடுக்கச் சொன்னது பழைய காலேஜின் அட்வைசர்தான். "எல்லாம் டிரான்ஸ்ஃபர் ஆகும்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. நான்தான் "இது வருமா?" என்று கேட்டேனே தவிர, "உங்களுடைய எந்தப் பாடத்துக்குப் பதிலாக வரும்?" என்று பல்கலைக்கழகத்தில் கேட்கவில்லை. இந்த இரண்டாவது கேள்வியைத்தான் கேட்க வேண்டும், அதுவும் துறையின் அட்வைசரிடம், பதிவு செய்வதற்கு முன்னால், ஈமெயிலில். நேரில் சொன்னதற்குச் சாட்சி கிடையாது. இணையத்தில் டிரான்ஸ்ஃபராலஜி, கலிஃபோர்னியாவில் அசிஸ்ட் போன்ற தளங்களில் பாடவாரியாகப் பார்க்கலாம். ஆனால் அங்கே "பொருந்துகிறது" என்று வந்தாலும் பக்கத்தில் எக்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள்.

நமக்கு ஆபீஸில் இரண்டாவது முறை கேட்கத் தயக்கம். அவர் முகம் சுளித்துவிடுவாரோ என்று வளர்ந்திருக்கிறோம். இங்கே கேட்காதவருக்கு யாரும் எதையும் தானாகச் சொல்வதில்லை. நம்மூரில் எந்த செமஸ்டரில் எந்தப் பேப்பர் என்பதைப் பல்கலைக்கழகமே வகுத்துக் கொடுத்துவிடும், மாணவர் படித்தால் போதும். இங்கே வகுப்பது உங்கள் வேலை.

மூன்றில் ஒன்றை மட்டும் மீட்டேன். ஊடக எழுத்து வகுப்பின் பாடத்திட்டத்தையும், நான் எழுதிய செய்தி வெளியீடுகளையும், ஆசிரியர் குறிப்பெழுதித் திருத்திய தாள்களையும் வைத்திருந்தேன். மைனஸ் 20 டிகிரி குளிரில், கோட்டுக்குள் அந்த ஃபைலை அணைத்துக்கொண்டு பஸ் மாறிப் போய்க் கொடுத்தேன். மாற்றுப் பாடமாக ஏற்றுக்கொண்டார்கள். மற்ற இரண்டின் பாடத்திட்டமும் என்னிடம் இல்லை, காலேஜ் இணையப் பக்கம் செமஸ்டர் முடிந்ததும் மூடிக்கொண்டது. ஒவ்வொரு வகுப்பின் பாடத்திட்டத்தையும் முதல் வாரமே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் கம்யூனிட்டி காலேஜில் என்னதான் எடுப்பது? பொதுப் பாடங்களை முழுசாக முடியுங்கள். மினசோட்டாவில் மினசோட்டா டிரான்ஸ்ஃபர் கரிக்குலம் என்று ஒன்று இருக்கிறது. பத்துப் பிரிவு, 40 கிரெடிட். முழுதாக முடித்து, முடித்ததாக டிரான்ஸ்கிரிப்டில் பதிவாகியிருந்தால் மாநிலத்தின் மற்ற அரசுக் கல்லூரிகள் பொதுப் பாடப் பகுதியை அப்படியே ஏற்கும். ஒரு பாடம் குறைந்தால் ஒவ்வொரு பிரிவாகப் பார்ப்பார்கள். புள்ளியியல் எடுங்கள், ஆய்வுப் பாடத்துக்கு உதவும். மேஜர் பாடங்களில் துறை எழுத்தில் ஒப்புக்கொண்டதை மட்டும் எடுங்கள்.

இன்னொன்று. பி.ஏ. பட்டத்துக்குப் பல இடங்களில் இரண்டாம் மொழி கேட்பார்கள். நான் ஸ்பானிஷ் வகுப்பில் பேர் கொடுக்கப் போனபோது, தாய்மொழியில் பள்ளிப் படிப்பு இருந்தால் சான்று காட்டலாம் என்றார் ஓர் அம்மையார். பெட்டிக்கு அடியிலிருந்து பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலை எடுத்தேன். தமிழ், 200-க்கு 184. அது போதுமென்றார்கள். பாளையங்கோட்டையில் என் தமிழம்மா சிவப்பு மையால் திருத்திய கட்டுரைகள் இத்தனை தூரம் வந்து உதவும் என்று நான் நினைத்ததில்லை. அன்று வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

எங்கள் குடியிருப்பில் செங்கல்பட்டிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள். இதே படிப்புக்குத்தான் போகிறாள். அடுத்த செமஸ்டருக்குப் பேர் கொடுப்பதற்கு முன்னால், எங்கள் சமையலறை மேசையில் உட்கார்ந்து துறைக்கு ஈமெயில் எழுதினோம். போன வாரம் பதில் வந்தது. அவள் எடுக்க நினைத்த மூன்று பாடத்தில் ஊடக அறிமுகம் மட்டும் வருமாம், எதற்குப் பதிலாக என்று பாட எண்ணோடு எழுதியிருந்தார்கள். மற்ற இரண்டையும் நீக்கிவிட்டு, அந்த இடத்தில் புள்ளியியலும் ஒரு வரலாற்றுப் பாடமும் போட்டிருக்கிறாள்.