ஜாடிக்குள் ஒரு கிறிஸ்துமஸ் குக்கீ பரிசு

ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடியைக் கழுவித் துளி ஈரமில்லாமல் காயவையுங்கள். 1½ கப் மைதாவில் அரை டீஸ்பூன் பேக்கிங் சோடா, அரை டீஸ்பூன் உப்பு கலந்து முதல் அடுக்காகப் போட்டு, கரண்டியின் பின்புறத்தால் நன்றாக அழுத்துங்கள், இல்லாவிட்டால் மேலே வரும் சர்க்கரை மாவுக்குள் இறங்கி அடுக்கே தெரியாது. அப்புறம் அரை கப் பிரவுன் சுகர், ஒரு கப் சாக்லேட் சிப்ஸ், அரை கப் உலர்ந்த கிரான்பெர்ரி, கடைசியாக அரை கப் வெள்ளைச் சர்க்கரை.

எனக்கு ரொம்பப் பிடித்தது இந்த மேல் இரண்டு அடுக்குகள்தான்: சிவப்புக்கு மேல் வெண்மை, சிவப்பான பாவங்களும் பனிபோல் வெண்மையாகும் என்று பைபிளில் ஏசாயா 1:18 சொல்வது அப்படியே கண்ணுக்குத் தெரியும். மாவுக்கு ‘ஜீவ அப்பம் நானே’ (யோவான் 6:35), உப்புக்கு ‘நீங்கள் பூமிக்கு உப்பாயிருக்கிறீர்கள்’ (மத்தேயு 5:13).

இந்த வசனங்களை நட்சத்திர வடிவ அட்டையில் கையாலேயே எழுதுங்கள், அச்சடித்தால் அந்த நெருக்கம் வராது. பின்பக்கத்தில் செய்முறை: உருக்காமல் இளகவைத்த வெண்ணெய் அரை கப், ஒரு முட்டை, ஒரு டீஸ்பூன் வெனிலா எசன்ஸ் சேர்த்துப் பிசைந்து, சின்ன உருண்டைகளாக வைத்து, சூடேறிய ஓவனில் 180 டிகிரி செல்சியஸில் 10 முதல் 12 நிமிடம். மைதா, முட்டை ஒவ்வாதவர்களுக்காகப் பொருட்களின் பெயர்களையும் மறக்காமல் எழுதிவிடுங்கள்.