நீண்ட கப்பல் பயணத்துக்குக் கேபின் தெரிவு செய்வது எப்படி? விலைக்கு முன் மேல் தட்டைப் பாருங்கள்

2023 ஜூனில் சென்னையிலிருந்து வந்த சொகுசுக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று நின்று போன நாளிலிருந்து, எங்கள் ஊரில் கப்பல் பயணம் பற்றி விசாரிப்பவர்கள் கூடிவிட்டார்கள். நானும் அம்மாவும் இரண்டு முறை சிங்கப்பூரில் ஏறி, கொழும்பு, கொச்சி, மும்பை வழியாகத் துபாய் வரை போனோம். ஒவ்வொன்றும் 15 இரவு. முதல் பயணத்தில் அம்மா ஒரு நாள்கூட விடியும்வரை தூங்கவில்லை. இரண்டாவதில் நான் போய் எழுப்ப வேண்டியிருந்தது. கடலும் சாப்பாடும் இரண்டு தடவையும் ஏறக்குறைய ஒன்றுதான். மாறியது கேபின் இருந்த இடம்.

விசா, காப்புறுதி எல்லாம் இதில் இல்லை. மூன்று நாலு இரவுப் பயணத்துக்கும் இவ்வளவு மெனக்கெடத் தேவையில்லை. இது இரண்டு வாரம் ஒரே அறையில் இருக்கப் போகிறவர்களுக்கு.

படி 1: என்ன வகை?

உள் கேபின், ஜன்னல் கேபின், பல்கனி கேபின், சூட் (பெரிய சொகுசு அறை) என்று நாலு வகை. உள் கேபின்தான் மலிவு. விளக்கை அணைத்தால் கும்மிருட்டு, பகலா இரவா என்றே தெரியாது. பல கப்பல்களில் முன்பக்கக் கமராவின் காட்சியை டிவியில் ஒரு சானலாகப் போடுவார்கள். சத்தத்தைக் குறைத்து அதை ஓட விட்டால் விடியும்போது அறையும் வெளிக்கும்.

வயதானவர்களோடு போகிறவர்களுக்கு நான் சொல்வது ஜன்னல் கேபின். பல்கனி அறைகள் பெரும்பாலும் மேல் தட்டுகளில்தான் (கப்பலின் மாடிகளைத் தட்டு என்பார்கள்) தொடங்கும். ஜன்னல் அறைகள் கீழே இருக்கும். கீழே இருப்பது ஏன் நல்லது என்பது அடுத்த படியில் வருகிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மறைப்புள்ள காட்சி என்று போட்டிருந்தால், ஜன்னலுக்கு நேரே உயிர்காப்புப் படகு தொங்கும். வெளிச்சம் வரும், கடல் தெரியாது.

படி 2: நடுவில், கீழே

மூதூருக்குப் போகும் லோஞ்சில், அதாவது பயணிகள் படகில், போனவர்களுக்கு இது தெரிந்த கதை. காற்று எழும்பினால் அணியத்தில், அதாவது முன்முனையில், இருப்பவர்கள்தான் தூக்கித் தூக்கி அடிபடுவார்கள். நடுவில் இருப்பவர் பேசாமல் கச்சான் கொறித்துக்கொண்டிருப்பார். பெரிய கப்பலிலும் அதேதான். சீசோ பலகை மாதிரி, இரண்டு முனையும் ஏறி இறங்கும், நடு அவ்வளவாக அசையாது. பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்க நீருக்கடியில் துடுப்பு மாதிரி இரண்டு இறக்கை வைத்திருக்கிறார்கள். ஆனால் அணியம் எழும்பி விழுகிற ஆட்டத்தை அவை நிறுத்தாது. உயரம் கூடக் கூடப் பக்கவாட்டு ஆட்டமும் கூடத் தெரியும்.

அணியப் பக்கத்தில் இன்னொரு தொல்லை, துறைமுகத்துக்குள் நுழையும் விடிகாலையில் நங்கூரச் சங்கிலியும், கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும் விசிறிகளும் போடும் சத்தம். பின்பக்கத்தில் கீழ்த்தட்டு என்றால் சுழலியின் அதிர்வு கட்டில்வரை வரும்.

மாதமும் முக்கியம். தென்மேல் பருவக்காற்று அடிக்கும் ஜூன் முதல் ஓகஸ்ட் வரை அரபிக்கடல் மிகவும் கொந்தளிப்பாக இருக்கும். நிலாவெளியில் அந்த மாதங்களில் கடல் குளம்போலக் கிடக்கிறதே என்று நினைத்து முடிவெடுக்காதீர்கள். அது நம் கிழக்குக் கரையின் கணக்கு. நாங்கள் இரண்டு தடவையும் மார்ச்சில் போனோம்.

படி 3: மேல் தட்டில் என்ன இருக்கிறது?

எனக்குப் பிழைத்தது இந்த இடம்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் பயணத்துக்கு நான் பத்தாம் தட்டில், சரியாக நடுவில், பல்கனியோடு ஓர் அறை எடுத்தேன். உயரத்தில் இருந்தால் காட்சி நல்லது, நடுவில் இருந்தால் ஆட்டம் இல்லை, எல்லாம் பொருந்துகிறது என்றுதான் நினைத்தேன். முதல் இரவு விடிகாலை ஐந்து மணி இருக்கும். அம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். "மகன், மேல யாரோ கதிரை இழுக்கிறாங்க" என்றார். நானும் கேட்டேன். தலைக்கு நேர் மேலே கர்... கர்... என்று ஓர் இழுவை, ஒரு நிமிடம் அமைதி, மறுபடியும் இழுவை. காலையில் மேலே போய்ப் பார்த்தால் நீச்சல் குளம். தளத்தைக் கழுவுவதற்காக வெயில் காயும் கதிரைகளை ஓரத்துக்கு இழுத்து, கழுவி முடிந்ததும் திரும்ப வரிசையாக வைக்கிறார்கள். வேலை செய்பவர்களில் ஒரு குறையும் இல்லை, அது தினமும் நடக்க வேண்டிய வேலை. வேறு அறை கேட்டோம், கப்பல் நிரம்பிவிட்டது என்றார்கள். 15 விடியலும் அதே சத்தத்தில் போனது.

இரண்டாவது தடவை செய்தது இதுதான். கப்பல் நிறுவனத்தின் தளத்தில் ஒவ்வொரு தட்டுக்கும் தனித்தனி வரைபடம் இருக்கும். நான் பார்த்த தட்டு, அதற்கு மேல், அதற்குக் கீழ் என மூன்றையும் ஏ3 தாளில் பிரிண்ட் எடுத்தேன். கைபேசியில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பது சரிவராது, எந்த அறை எதற்கு மேல் என்பது நழுவிவிடும். செலவு ஒரு தேநீர்க்காசுதான், தாளில் எடுங்கள். பிறகு இரண்டு தாளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, பகல் வெளிச்சத்தில் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டுங்கள். அடித்தாள் ஊடாகத் தெரியும்.

இங்கே ஒரு சிக்கல் வரும். இரண்டு படமும் சரியாகப் பொருந்தாது, முனைகள் விலகி நிற்கும். கப்பலின் முனையை வைத்துப் பொருத்த வேண்டாம், ஏனென்றால் எல்லாத் தட்டும் ஒரே நீளம் இல்லை. படிக்கட்டையும் லிஃப்டையும் வைத்துப் பொருத்துங்கள். அவை கீழிருந்து மேல்வரை ஒரே நேர்கோட்டில் போகும். முன், நடு, பின் என்று பெரும்பாலும் இரண்டு மூன்று இடத்தில் இருக்கும். அவற்றில் இரண்டு பொருந்தினால் மற்றதெல்லாம் தானாகப் பொருந்தும்.

இப்போது உங்கள் அறையின் எண்ணுக்கு மேலே என்ன தெரிகிறது என்று பாருங்கள். நீச்சல் குளம், பஃபே, சமையலறை, உடற்பயிற்சிக் கூடம், நடைபாதை என்றால் வேண்டாம். கீழே அரங்கோ நடன விடுதியோ இருந்தாலும் வேண்டாம், இரவு இசை தரை வழியாக ஏறும். ஒன்றும் எழுதாமல் வெள்ளையாக விட்ட இடம் என்றால் சந்தேகப்படுங்கள். அங்கே பெரும்பாலும் பணியாளர் அறையோ சாமான் வைக்கும் இடமோ இருக்கும், விடிகாலையிலேயே தள்ளுவண்டி ஓடும். மேலேயும் கேபின், கீழேயும் கேபின், இரு பக்கமும் கேபின். அப்படி ஓர் அறை கிடைத்தால் விடாதீர்கள். எங்களுக்கு ஆறாம் தட்டில் கிடைத்தது.

அப்புறம், இரண்டு அறைக்கு நடுவில் சிறிய அம்புக்குறி போட்டிருந்தால் அது இடைக்கதவு. பக்கத்து அறையில் இருமினாலும் கேட்கும்.

படி 4: எந்தப் பக்கம்?

இதைப் பலர் யோசிப்பதில்லை. சிங்கப்பூரிலிருந்து மேற்கே வரும் கப்பல் இலங்கையின் தெற்கைச் சுற்றிக் கொழும்புக்கு ஏறும். அப்போது நம் கரை முழுவதும் வலப்பக்கம். கொழும்பிலிருந்து கொச்சி, மும்பை என்று வடக்கே போகும்போதும் கரை வலப்பக்கம்தான். சூரியன் மறைவது இடப்பக்கம். அம்மாவுக்குக் கரை தெரிய வேண்டும், அதனால் வலப்பக்கம் எடுத்தேன். தெய்வேந்திர முனைக்கு அப்பால் நீலத் திமிங்கிலங்கள் வருவதும் அந்தக் கடலில்தான். ஒரு நாள் காலை ஜன்னல் வழியாகத் தூரத்தில் நீர் பீறியதை அம்மாதான் முதலில் கண்டார். திரும்பி வரும் பயணமென்றால் பக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 5: எண்ணோடு பதிவு செய்யுங்கள்

மலிவாகக் காட்டும் சில கட்டணங்களில் வகை மட்டும்தான் உறுதி, அறை எண்ணைப் பிறகு அவர்களே தருவார்கள். இளம் ஆட்கள் அப்படி எடுக்கலாம். பெற்றோரோடு போனால் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது எண்ணைப் பிடியுங்கள். இரண்டு கட்டிலையும் பிரித்துப் போட வேண்டுமென்றால் அப்போதே எழுதச் சொல்லுங்கள். குளியலறை வாசலில் கால் தடுக்கும் உயரத்தில் ஒரு படி இருக்கும், அதையும் கேட்டு வையுங்கள். அம்மா இரண்டு தடவை அதில் தடுக்கினார்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டுக் கிண்ணியாவிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருந்தார். எல்லாம் பார்த்து நடுவில் அறை எடுத்தாராம். புறப்பட இரண்டு வாரம் இருக்கும்போது இலவசமாக உயர்ந்த வகைக்கு மாற்றியிருக்கிறோம் என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. சந்தோஷப்பட்டுப் போனால் அணியத்தில் அறை. இது எனக்குத் தோன்றவே இல்லை. பதிவு செய்யும்போதே "வகை உயர்த்த வேண்டாம், இந்த எண்ணே வேண்டும்" என்று எழுத்தில் கொடுங்கள். பயணச்சீட்டு கைக்கு வந்ததும் எண்ணை ஒருமுறை சரிபாருங்கள்.

இன்னொருவர் இரண்டு பிள்ளைகளோடு போவதாகக் கேட்டார். மேலிருந்து இறக்கும் கட்டில் உள்ள அறைகளுக்கு வரைபடத்தில் தனிக்குறி இருக்கும், அது எல்லா அறையிலும் இல்லை. பெரிய பிள்ளைகள் என்றால், நான் வேண்டாம் என்று சொன்ன அதே இடைக்கதவு உள்ள இரண்டு அறையை எடுங்கள். கதவைத் திறந்து வைத்தால் ஒரே வீடு மாதிரி இருக்கும்.